புளியை மீன் கண்ணில் கடைசியில்தான் காட்ட வேண்டும்

வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் மரக்கறிதான். பின்னேரம் திருகோணமலைக் கோணேசர் கோயிலுக்குப் போய், கோட்டைக்குள் மான்களுக்குப் பக்கத்தால் நடந்து திரும்பும்போதே மகன் கேட்டுவிடுவான், "நாளைக்கு என்ன மீன்?" அதனால் சனிக்கிழமை விடிய ஏழு மணிக்கு நானாவின் மோட்டார் சைக்கிள் ஹோர்ன் கேட்டால் எங்கள் ஒழுங்கையில் முதலில் திறப்பது எங்கள் படலைதான்.

நானா கிண்ணியாவிலிருந்து வருகிறவர். பின் சீட்டில் பெட்டி, பெட்டிக்குள் ஐஸ், ஐசுக்குள் மீன். மூடியைத் திறந்ததும் கடல் வாசம் வந்தால் வாங்குவேன். மீன் வாசம் வந்தால் "இண்டைக்கு வேண்டாம் நானா" என்று சொல்லிவிடுவேன். அவர் கோபிப்பதில்லை. "சரி தங்கச்சி, நாளைக்குப் பாப்பம்" என்று அடுத்த படலைக்குப் போய்விடுவார். பத்து வருசமாக இப்படித்தான்.

போன சனிக்கிழமை பாரை இருந்தது. ஒன்றே முக்கால் கிலோ வரும் ஒரு முழு மீன். கண் வெளியே தள்ளி, கண்ணாடி மாதிரித் தெளிவாக இருந்தது. நான் கேட்காமலே செவுளைத் தூக்கிக் காட்டினார், நல்ல சிவப்பு. விரலால் வயிற்றுக்கு மேலே அழுத்தினேன். பள்ளம் விழவில்லை, சதை உடனே எழும்பியது.

"கறிக்கா, பொரிக்கவா?"

"பொரிச்சு, இனிப்புப் புளி போட."

"அப்ப தோலை உரிக்காம, ஒரு விரல் மொத்தத்தில வெட்டித் தாறன். மொத்தமாப் போனா உள்ள வேகாது, மெல்லிசாப் போனா காய்ஞ்சு போகும்."

அவருடைய அந்த ஒரு விரல் அளவை நான் எப்போதும் நம்புகிறேன். தலையையும் வாலையும் வேறாகக் கட்டித் தந்தார், அது அன்றிரவு சொதிக்குப் போனது. நடுத் துண்டுகளில் எட்டு இந்தச் சாப்பாட்டுக்கு.

இனிப்பும் புளிப்புமாக மீன் செய்யும் ஆசை எங்கள் வீட்டுக்குள் வந்தது ஒரு பிறந்தநாளில். நிலாவெளிப் பக்கம் ஒரு சிறிய ஹோட்டலில் உறவினர் எல்லோருமாகச் சாப்பிட்டோம். பெரிய வெங்காயமும் கறிமிளகாயும் போட்டு, சிவப்பாக ஒரு சோசில் பிரட்டிய மீன் வந்தது. நம் நாட்டுச் சாப்பாட்டுக் கடைகளில் டெவில் என்று சொல்கிறார்களே, அந்த இனம். மகன் அதைத் தவிர வேறெதையும் தொடவில்லை. நான் ஒரு துண்டு எடுத்துக் கடித்தேன். சோஸ் நன்றாக இருந்தது. மீன் மட்டும் ஊறிப்போன பாண் மாதிரி இருந்தது. பொரித்த மீனின் சுகமே கடிக்கும்போது வரும் அந்த மொறுமொறுப்புத்தான், அது இல்லையென்றால் எதற்காகப் பொரிக்க வேண்டும் என்று அன்றைக்கே மனதில் ஓடியது.

வீட்டில் நானும் அதே பிழையைத்தான் செய்தேன், அதுவும் பல தடவை. மீனுக்குத் தேசிக்காய்ப் புளி, உப்பு, மஞ்சள் போட்டு ஊற வைப்பேன். பொரிப்பேன். சோஸ் கொதிக்கும்போது பொரித்த துண்டுகளை அதற்குள் போட்டுப் பிரட்டுவேன். சட்டியில் பார்க்க அழகாக இருக்கும். மேசைக்கு வந்து ஐந்து நிமிடத்தில் தோல் கழன்று ஒரு பக்கம் போய்விடும், சதை உடைந்து சோசுக்குள் கரையும். கணவர் ஒன்றும் சொல்லாமல் சாப்பிடுவார். மகன் சோசை மட்டும் சோற்றில் பிசைந்து சாப்பிட்டுவிட்டு மீனை ஒதுக்குவான்.

பிறகு ஒரு நாள் அம்மா வந்து நின்றபோதுதான் விசயம் பிடிபட்டது. நான் தேசிக்காயை வெட்ட எடுத்தேன். அம்மா கையைப் பிடித்துக்கொண்டார்.

"பொரிக்கிற மீனுக்கு ஏன் பிள்ளை புளி விடுறாய்? புளி பட்ட மீன் சிவக்காது. புளியை மீன் கண்ணில கடைசியிலதான் காட்டவேணும்."

நான் ஒன்பதாம் வகுப்புக்கும் பத்தாம் வகுப்புக்கும் விஞ்ஞானம் படிப்பிக்கிறவள். அம்மா சொன்னதை வைத்துக்கொண்டு இரவு முழுக்க யோசித்தேன், ஒவ்வொன்றாகப் பொருந்தி வந்தது. புளிப்பு பட்டால் மீனின் மேல் சதை அடுப்பில் ஏறாமலே வெளுத்துவிடும், புரதம் அங்கேயே குலைந்துபோகிறது. அப்படி வெளுத்த சதை தண்ணீரை விடும். அதோடு, இறைச்சியோ மீனோ பொன்னிறமாவது என்பது புரதமும் சர்க்கரையும் சூட்டில் சேர்ந்து நடக்கும் ஒரு வேலை. புளிப்பான இடத்தில் அந்த வேலை மெதுவாகத்தான் நடக்கும். இன்னொன்றும் இருக்கிறது. மீனின் மேல் ஈரம் இருக்கும் வரை அந்த இடத்தின் சூடு 100 பாகைக்கு மேல் ஏறாது, ஏனென்றால் தண்ணீர் ஆவியாகிக்கொண்டே சூட்டை எடுத்துப் போய்விடும். நன்றாகச் சிவக்க 140 பாகையாவது வேண்டும். ஆக, மீனுக்குப் புளியும் ஈரமும் இரண்டுமே அடுப்பில் எதிரி. தட்டில்தான் புளி நண்பன்.

அம்மா பாகையும் புரதமும் படித்ததில்லை. அவர் சம்பூரில் பிறந்து, கொட்டியாரக் குடாக் கரையில் கரைவலை இழுக்கும் ஊரில் மீன் பொரித்துப் பொரித்துக் கற்றவர்.

இந்த இடத்தில் புளியைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக எனக்கு மனமில்லை. நான் பாவிக்கும் பழப்புளி கடைப் புளி இல்லை. சம்பூரில் எங்கள் வளவின் வேலியோரத்தில் நிற்கும் மரத்துப் புளி. 2006இல் போரால் சம்பூர்ச் சனம் எல்லாம் இடம்பெயர்ந்தபோது அம்மாவும் பெரியம்மாவும் உடுத்த உடுப்போடு வெளிக்கிட்டார்கள். மட்டக்களப்புப் பக்கம் கொஞ்சக் காலம், பிறகு கிளிவெட்டி முகாமில் வருசக்கணக்கு. நான் அப்போது கலியாணம் முடித்துத் திருகோணமலை டவுனில் இருந்தேன். அம்மாவைப் பார்க்கப் போவதென்றால் கிண்ணியாவில் பாதையில், அதாவது ஆட்களை அக்கரைக்கு ஏற்றிப் போகும் மிதவையில், ஏறிக் கடக்க வேண்டும், பாதை வரும் வரை கரையில் வெயிலில் காத்து நிற்க வேண்டும். 2009இல் கிண்ணியாப் பாலம் திறந்த பிறகு அந்த இடம் ஒரு மூச்சில் கடக்கிற இடமாகிவிட்டது. 396 மீற்றர். ஒவ்வொரு முறையும் பஸ் பாலத்தில் ஏறும்போது இப்போதும் நான் கீழே தண்ணீரைப் பார்ப்பேன்.

2015க்குப் பிறகு அரசாங்கம் காணிகளைத் திருப்பிக் கொடுத்தபோது பெரியம்மா குடும்பம் திரும்பிப் போனது. நானும் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். வீடு இருந்த இடத்தில் பற்றை. கிணறு எது என்று தேட வேண்டியிருந்தது. அம்மா நேரே வேலி இருந்த பக்கம் நடந்தார். புளிமரம் நின்றது. அம்மா மரத்தில் கையை வைத்துக்கொண்டு நின்றது மட்டும் எனக்கு நினைவிருக்கிறது, வேறு யார் என்ன பேசினார்கள் என்று நினைவில்லை.

அந்த மரம் வருசா வருசம் காய்க்கிறது. மாசி, பங்குனியில் உலுப்பி, ஓட்டை உடைத்து, நாரும் கொட்டையும் எடுத்து, உப்புப் பிரட்டி, பாயில் மூன்று நாள் வெயில் காட்டி, பெரியம்மா ஒரு மண் பானை நிறையத் தந்து அனுப்புவார். புதுப் புளி மண்ணிறமாக, பழவாசத்தோடு இருக்கும். வருசம் போகப் போகக் கறுத்துவிடும். குழம்புக்குக் கறுத்த பழைய புளி நல்லது என்று அம்மா சொல்வார், நானும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இந்தச் சோசுக்குப் புதுப் புளிதான் சரி. அதில் உள்ள பழத்தன்மை இனிப்போடு சேரும்போது வருகிற வாசம் பழைய புளியில் வராது, நிறமும் தேன் நிறமாக வரும். வினாகிரியில் ஒரு போதும் வராது. வினாகிரி மூக்கில் ஏறும், பழப்புளி நாக்கின் இரு பக்கமும் ஊறும்.

சரி, சமையலுக்கு வருகிறேன்.

முதலில் புளியை ஊற வைத்துவிடுங்கள். எட்டுத் துண்டு மீனுக்கு ஒரு பெரிய தேசிக்காய் அளவு புளி, அரைக் கோப்பை இளஞ்சூட்டுத் தண்ணீர். இருபது நிமிடம் கழித்துக் கையால் நன்றாகப் பிசைந்து வடித்தெடுத்தால் கஞ்சி பருவத்தில் ஒரு கரைசல் வரும். தண்ணீரை அள்ளி ஊற்றாதீர்கள். தண்ணீர் கூடினால் பிறகு அதை வற்ற வைக்கவே நேரம் போகும், அதற்குள் மீன் ஆறிவிடும்.

மீனைக் கழுவியதும் ஒரு சுத்தமான பருத்தித் துணியில் வைத்து ஒவ்வொரு துண்டாக ஒற்றி எடுங்கள். பழைய வேட்டித் துண்டு இதற்கு மிக நல்லது. பிறகு உப்பு ஒரு தேக்கரண்டி, மஞ்சள் அரைத் தேக்கரண்டி, புதிதாக இடித்த மிளகு அரைத் தேக்கரண்டி. வேறொன்றும் வேண்டாம். இருபது நிமிடம் வையுங்கள். அந்த இருபது நிமிடத்தில் உப்பு மீனிலிருந்து தண்ணீரை வெளியே இழுக்கும், துண்டுகளின் மேல் முத்து முத்தாக வியர்த்து நிற்கும். அப்போது இரண்டாம் தடவை துணியால் ஒற்றுங்கள். பலர் விடுவது இந்த இரண்டாம் ஒற்றலைத்தான். மஞ்சள் கொஞ்சம் துணியோடு போகும், போகட்டும். கடைசியில் ஒரு கை அரிசி மாவைத் தூவி, துண்டுகளை அதில் ஒரு தடவை பிரட்டி, தட்டி உதறுங்கள். மா மீனில் தெரியவே கூடாது, பவுடர் பூசினது மாதிரி ஒரு மெல்லிய படலம் இருந்தால் போதும். கோதுமை மாவிலும் செய்யலாம், ஆனால் அது சீக்கிரம் இளகிவிடும். அரிசி மாவின் மொறுமொறுப்பு தாக்குப் பிடிக்கும்.

தாச்சி தட்டையானதாக இருக்க வேண்டும். என்னிடம் அம்மா தந்த ஒரு இரும்புத் தாச்சி இருக்கிறது. முகாமிலிருந்து வந்த சாமான்களில் மிச்சம் நிற்பது அது ஒன்றுதான். வெறும் தாச்சியை முதலில் நன்றாகச் சூடாக்கி, அதற்குப் பிறகு தேங்காய் எண்ணெயை விட வேண்டும், துண்டின் பாதி உயரம் வந்தால் போதும். ஒரு கறிவேப்பிலையைப் போட்டுப் பாருங்கள். இலை சடசடவென்று வெடித்து அதே இடத்தில் சுருண்டால் சூடு சரி. பேசாமல் மிதந்தால் பொறுங்கள். புகை எழும்பினால் அடுப்பைக் குறையுங்கள்.

இப்போது தோல் பக்கம் கீழே இருக்கும்படி ஒரு துண்டை வையுங்கள், உங்களுக்கு அப்பால் சரிகிற மாதிரி. அப்போதுதான் எண்ணெய் உங்கள் பக்கம் தெறிக்காது. வைத்ததும் தோல் சுருங்கும், துண்டு வில் மாதிரி வளையப் பார்க்கும். அகப்பையின் முதுகால் மெதுவாக, பத்து எண்ணும் வரை அழுத்திப் பிடியுங்கள். தோல் முழுக்கத் தாச்சியில் படிந்ததும் கையை எடுங்கள். அதற்குப் பிறகு தொடக் கூடாது.

இந்தத் தொடாமல் இருப்பதுதான் கஷ்டம். அடிப்பிடித்துவிடுமோ என்று கை போகும். மீன் போட்டவுடன் தாச்சியோடு ஒட்டத்தான் செய்யும். பச்சைப் புரதம் சூடான இரும்பைப் பிடித்துக்கொள்ளும். அந்த நேரம் கிளப்பினால் தோல் தாச்சியோடும் சதை அகப்பையோடும் வரும். நான்கு நிமிடம் பொறுத்தால், அடிப்பக்கம் ஈரமிழந்து இறுகி, மீன் தானாகவே விட்டுக்கொடுக்கும். சத்தத்தைக் கேளுங்கள். முதலில் மழை தகரத்தில் விழுகிற மாதிரிப் பெரிய இரைச்சல், அது ஈரம் போகிற சத்தம். பிறகு இரைச்சல் ஓய்ந்து, சின்னச் சின்னதாகக் கிலுகிலுப்பு மாதிரிக் கேட்கும். அப்போது தாச்சியின் பிடியைப் பிடித்து மெல்ல ஆட்டினால் துண்டு எண்ணெய்க்குள் வழுக்கி நகரும். நகர்ந்தால் திருப்பலாம். மற்றப் பக்கத்துக்கு இரண்டு, மிஞ்சினால் மூன்று நிமிடம். ஒரே ஒரு தடவைதான் திருப்ப வேண்டும். ஒரு நேரத்தில் நான்கு துண்டுக்கு மேல் போடாதீர்கள். போட்டால் எண்ணெயின் சூடு இறங்கி, மீன் பொரியாமல் அவியும்.

பொரித்த துண்டுகளை எங்கே வைப்பது? பத்திரிகைத் தாளிலும் கோப்பையிலும் வைத்துப் பார்த்துவிட்டேன். அடிப்பக்கம் தன் ஆவியிலேயே நனைந்துவிடும். இப்போது நான் வைப்பது இடியப்பத் தட்டில். பிரம்பில் பின்னிய பழைய தட்டு, ஒரு சட்டியின் வாய்க்கு மேல் வைத்தால் கீழாலும் காற்றுப் போகும். ஆவி நிற்க இடமில்லை. கால் மணித்தியாலம் கழிந்தும் தோல் மொறுமொறுவென்றே இருக்கும். இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. ஒரு நாள் கைக்கு வேறொன்றும் கிடைக்காமல் வைத்ததுதான், அன்றிலிருந்து விடவில்லை.

சோசுக்கு: சின்ன வெங்காயம் எட்டு, உள்ளி ஆறு பல், இஞ்சி ஒரு சின்னத் துண்டு, எல்லாம் பொடியாக வெட்டியது. அரைகுறையாக இடித்த செத்தல் மிளகாய் ஒரு தேக்கரண்டி. வாசத்துக்கு விரல் நீளத்தில் ஒரு ரம்பை இலைத் துண்டு. இனிப்புக்குப் பனங்கட்டி. கூடப் படிப்பிக்கிற ஒரு ஆசிரியை விடுமுறைக்கு யாழ்ப்பாணம் போய் வரும்போது ஓலைக் குட்டானில் வாங்கி வருவார். இரண்டு மேசைக்கரண்டி சீவினால் சரி. கித்துள் கருப்பட்டியும் நல்லதுதான், அது கொஞ்சம் புகை வாசம் தரும். வெள்ளைச் சீனி போட்டால் வெறும் இனிப்பு மட்டும் வரும், பின்னால் ஒன்றும் நிற்காது. அவசரத்துக்கு என்றால் போடுங்கள்.

மீன் பொரித்த எண்ணெயை வடித்து, இரண்டு மேசைக்கரண்டியை மட்டும் திரும்பத் தாச்சியில் விடுங்கள். அடியில் கருகிய மா இருந்தால் துடைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் சோஸ் கசக்கும். ரம்பையும் வெங்காயமும் போட்டு ஓரம் சிவக்கும் வரை வதக்கி, பிறகு இஞ்சி, உள்ளி. உள்ளி வாசம் வந்ததும் மிளகாய், அது கருகுவதற்கு முதல் புளிக்கரைசல். இப்போது நடு நெருப்பில் ஐந்து நிமிடம் கொதிக்க விடுங்கள். பச்சைப் புளி வாசம் போய், குமிழிகள் பெரிதாகிச் சோம்பலாக வெடிக்கும். அப்போதுதான் பனங்கட்டி போட வேண்டும். முதலிலேயே இனிப்பைப் போட்டால் புளியின் பச்சை வாசம் போவதற்குள் இனிப்பு அடிப்பிடித்துவிடும். அரைத் தேக்கரண்டி உப்பு. இரண்டு நிமிடத்தில் இறுகத் தொடங்கும். அகப்பையின் முதுகில் விரலால் ஒரு கோடு இழுங்கள். கோடு மூடாமல் நின்றால் உடனே இறக்குங்கள், ஆற ஆற இன்னும் இறுகும்.

நாக்கில் வைத்துப் பார்க்கும்போது முதலில் புளிப்பு வர வேண்டும், அதைத் தொட்டுக்கொண்டு இனிப்பு, எல்லாம் போன பிறகு தொண்டையில் உறைப்பு. இனிப்பு முதலில் வந்தால் அது பலகாரம். என் கணவருக்கு இனிப்பு கூட வேண்டும், அவருக்காக ஒரு நாள் கூட்டிப் பார்த்தேன், இரண்டாம் துண்டு சாப்பிடும்போதே திகட்டிவிட்டது. அதற்குப் பிறகு அவரும் கேட்பதில்லை.

தாய்லாந்தில் இதற்குக் கிட்ட ஒரு சாப்பாடு இருக்கிறது, பிளா சாம் ரோட் என்று பெயர், மூன்று சுவை மீன் என்று பொருள். அங்கேயும் பழப்புளிதான், பனஞ்சர்க்கரைதான், மிளகாயும் உள்ளியும்தான், உப்புக்கு மீனிலிருந்து எடுக்கும் ஒரு சாறு விடுகிறார்கள். மீனை வேறாகப் பொரித்து, சோசை வேறாகக் காய்ச்சி, தட்டில் வைத்து மேலே ஊற்றுகிறார்கள். சீனாவிலும் இனிப்புப் புளிப்பு மீனைப் பொரித்துத் தட்டில் வைத்த பிறகுதான் கொதிக்கக் கொதிக்கச் சோசை ஊற்றுகிறார்கள். இதை ஒரு வீடியோவில் பார்த்த அன்று அம்மாவுக்கு ஃபோன் எடுத்துச் சொன்னேன். "அவங்களும் கடல் பக்கத்துச் சனம்தானே" என்றார்.

நான் ஒரு படி கூடப் போய், சோசை மேலே ஊற்றுவதையும் விட்டுவிட்டேன். தட்டில் சோசை முதலில் பரப்பி, அதற்கு மேல் மீனைத் தோல் மேலே பார்க்க வைக்கிறேன். அடியிலிருந்து சதை சோசை உறிஞ்சும், தோல் காற்றில் நிற்கும். ஒரு வாயில் இரண்டும் வரும். மேலே வட்டமாக அரிந்த பச்சை வெங்காயம் கொஞ்சம், எண்ணெயில் பொரித்த கறிவேப்பிலை கொஞ்சம். சிவப்பரிசிச் சோறு, தண்ணிப் பதமாக ஒரு பருப்பு, முருங்கையிலைச் சுண்டல். வேறு கறி வைத்தால் இதன் சுவை அடிபட்டுப் போகும்.

மீனைப் பற்றி ஒரு வார்த்தை. பாரை, விளைமீன், சீலா மூன்றும் இதற்கு நன்றாக வரும். அறக்குளா இன்னும் நன்றாக வரும், ஆனால் அதன் விலைக்கு அதை வெறும் உப்பு மஞ்சளில் பொரித்துச் சாப்பிடுவதுதான் மரியாதை என்பது என் எண்ணம். சூடையைச் சோசுக்குக் கொண்டுபோகாதீர்கள், அது அப்படியே பொரித்து முள்ளோடு கடிக்க வேண்டிய மீன். சூரை வாங்கினால் ஒன்றைக் கவனியுங்கள். ஐஸ் இல்லாமல் வெயிலில் கிடந்த சூரையில் ஹிஸ்டமின் என்ற பொருள் சேரும், எவ்வளவு பொரித்தாலும் கொதிக்க வைத்தாலும் அது போகாது. சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் முகம் சிவந்து, உடம்பு கடித்து, தலை இடிக்கும். புளியும் இனிப்பும் உறைப்பும் கூடிய சோஸ் பழுதான மீனின் ருசியை மறைத்துவிடும் என்பதால்தான் இதைச் சொல்கிறேன். இந்தச் சோசுக்குப் போகிற மீன் மற்றக் கறிக்குப் போகிறதை விட நல்ல மீனாக இருக்க வேண்டும்.

கார்த்திகை, மார்கழியில் வாடைக் காற்றுக்குக் கடல் கொந்தளித்தால் வள்ளங்கள் பல நாள் கடலில் இறங்காது, நானாவின் ஹோர்னும் கேட்காது. சித்திரையிலிருந்து புரட்டாதி வரைதான் எங்களுக்குக் கடல் அமைதி. அந்த மாதங்களில் மேற்குக் கரையிலிருந்து, நீர்கொழும்பு சிலாபம் பக்கத்து மீனவர்களும் வந்து கரையில் வாடி, அதாவது தற்காலிகக் குடில், போட்டிருப்பார்கள். சின்ன வயதில் அப்பாவோடு போன ஒரு வாடியில் சூரைத் துண்டுகளில் கொறக்கா என்கிற கொறுக்காப்புளியை அரைத்துப் பூசி, சட்டியில் வற்ற வற்ற அவித்துத் தந்தார்கள். அம்புல் தியல் என்று சொன்னார்கள். கறுப்பாக, காய்ந்து, நாள் கணக்கில் கெடாமல் இருக்கும் மீன். அங்கே புளி மீனோடு முதலிலிருந்தே கிடக்கிறது, அது சரிதான், ஏனென்றால் அது பொரிக்கிற மீன் இல்லை. அம்மாவின் சொல் பொரிக்கிற மீனுக்கு மட்டும்.

போன சனிக்கிழமை அம்மாவும் வந்திருந்தார். மேசையில் தட்டை வைத்தேன். மகன் முதல் துண்டை எடுத்து அம்மம்மாவின் கோப்பையில் வைத்தான். அம்மா தோலை மட்டும் தனியாகக் கிள்ளி வாயில் போட்டார். சத்தம் எனக்குக் கேட்டது. பிறகு துண்டின் அடியில் ஒட்டியிருந்த சோசை விரலால் தொட்டு நக்கி, கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தார்.

"இது நம்மட மரத்துப் புளிதானே?"

"ஓம் அம்மா. இந்த வருசத்துப் புளி."

"பானையில இன்னும் இருக்கா?"

"ஒரு கை அளவு இருக்கும்."

"அதைக் குழம்புக்கு எடுத்துப் போடாத. குழம்புக்குக் கடையில வாங்கு. பெரியம்மாவிட்டச் சொல்லி வைக்கிறன், வாற பங்குனிக்கு ரெண்டு பானையா அனுப்பச் சொல்லி."

மகன் அதற்குள் மூன்றாவது துண்டுக்குப் போயிருந்தான்.